திசைகாட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையார்

என் கணவரின் ஜாதகத்தில், அறுபது வயதுக்கு மேல் தண்ணீரில் கண்டம் என்று ஒரு வரி உண்டு. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்தபோதே எங்கள் வீட்டில் அதைப் படித்தார்கள். "அறுபதுக்கு மேலதானே, அப்ப பாத்துக்கலாம்" என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அறுபது என்பது வேறு யாருக்கோ வருகிற வியாதி என்று நினைத்தேன்.

நான் ஜோசியம் நம்புகிறவள் இல்லை. சிட்னியில், பரமட்டா பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். கண்ணால் பார்த்தால்தான் நம்பவேண்டும் என்று புதிதாக வருகிற பிள்ளைகளை அதட்டுகிறவள். அப்படிப்பட்ட நான், அவருக்கு அறுபது முடிந்து கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு வந்த மறுநாளிலிருந்து, அவர் குளிக்கப் போய்ப் பத்து நிமிஷம் ஆனால் குளியலறைக் கதவைத் தட்ட ஆரம்பித்தேன்.

"என்ன?" என்பார் உள்ளேயிருந்து.

"ஒண்ணுமில்ல. துண்டு எடுத்துட்டுப் போனீங்களான்னு கேட்டேன்."

"நேத்தும் துண்டு, இன்னிக்கும் துண்டா?"

இந்த மனிதர் ரயில்வேயில் மின்சாரப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர்கள் கறிவேப்பிலைச் செடி வளர்ப்பார்கள், கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள், பேரப்பிள்ளையைப் பார்க்க மெல்பர்ன் போய் வருவார்கள். இவர் போய்ச் சேர்ந்த இடம் ஒரு படகுக் கொட்டகை. வேண்டுமென்றே தேடிப் போய்ச் சேர்ந்தாரோ என்றுகூட எனக்குச் சந்தேகம்.

சிட்னி துறைமுகத்தின் உள்பக்கம், ஒரு சின்ன வளைவில் இருக்கிறது அந்தக் கொட்டகை. அங்கே ஒரு குழு பழைய மரப்படகு ஒன்றைப் புதுப்பித்து வைத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் யாரோ ஒரு பணக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு உல்லாசமாகப் போக ஆசை ஆசையாகக் கட்டிய மோட்டார் படகு. பளபளவென்று மரப்பலகை, பித்தளைக் கைப்பிடி, மெத்தை தைத்த பெஞ்சு. போர் வந்தபோது கடற்படையிடம் ரோந்துக்குப் போதுமான படகுகள் இல்லை. அதனால் தனியார் படகுகளை எடுத்துக்கொண்டார்கள், இதையும் எடுத்தார்கள். வெள்ளை உடம்புக்குச் சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்து, மெத்தையைப் பிடுங்கி எறிந்து, முன்னால் ஒரு துப்பாக்கியும் பின்னால் நீர்மூழ்கிக் கப்பல் மேல் உருட்டிவிட வெடிமருந்துப் பீப்பாய்களும் வைத்துவிட்டார்கள். போர் முடிந்து திருப்பிக் கொடுத்த பிறகு பல கை மாறி, மக்கிப் போகிற நிலையில் இந்தக் குழுவின் கைக்கு வந்தது. அவர்கள் அதை உல்லாசப் படகாகத் திருப்பியிருக்கலாம். மாட்டேன் என்று ரோந்துப் படகாகவே செய்து வைத்திருக்கிறார்கள். துப்பாக்கியும் பீப்பாய்களும் இப்போது வெறும் மரம்.

முதன்முதலில் பார்த்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. கல்யாணப் பெண்ணுக்குக் காக்கிச் சட்டை மாட்டிவிட்டது மாதிரி இருந்தது. அது கொலை செய்யப் போன படகு. அதில் என் வீட்டுக்காரர் சனிக்கிழமைதோறும் வயர் இழுத்துக்கொண்டிருந்தார்.

படகை ஓட்டுகிறவரை எல்லோரும் ஸ்கிப்பர் என்றே கூப்பிட்டார்கள். எழுபத்தெட்டு வயது வெள்ளைக்காரர், மனைவியை இழந்தவர், துறைமுகத்தில் நாற்பது வருஷம் ஃபெர்ரி ஓட்டியவர். அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான். ஆனால் என் ஞாபகத்தில் தமிழாகவே இருக்கிறது. அவர் வயதைப் பார்த்து குழுவில் சிலருக்கு உள்ளூரப் பயம். ஒரு தப்பு நடந்தாலும் வீலை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். அவரும் தலையாட்டியிருந்தார்.

"அந்த வீல் இல்லேன்னா மனுஷன் உக்காந்த இடத்துலயே போய்ச் சேர்ந்துடுவார்" என்று என் கணவர் ஒருநாள் சாப்பாட்டின்போது சொன்னார். "அவருக்கு வேற ஒண்ணும் இல்ல. ஒரு பொண்ணு பிரிஸ்பேன்ல இருக்கா. ரெண்டு தடவை வந்து கூட்டிட்டுப் போறேன்னா. முடியாதுன்னுட்டார்."

எனக்கு அவரைப் பிடிக்கும். தண்ணீர்ப் பக்கமே நான் ஏன் வருவதில்லை என்று ஒருமுறை கேட்டார். எப்படியோ ஜாதகத்தைச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "எத்தனை வயசு வரைக்கும் ஆபத்துன்னு எழுதியிருக்கா?" என்று மட்டும் கேட்டார். எழுதவில்லை என்றேன். அன்றிலிருந்து என் கணவர் படகில் ஏறினால் உயிர்காப்புச் சட்டையின் பட்டையை அவரே இழுத்துப் பார்த்து மாட்டிவிடுவார்.

வருஷத்துக்கு ஒருமுறை குளிர்காலத்தில், போர்க்காலத்தில் அந்தத் துறைமுகத்தில் இறந்தவர்களுக்காக இந்தப் படகு துறைமுக வாய் வரை போய் ஒரு மலர்வளையம் விட்டு வரும். "இந்தத் தடவை நீயும் வா" என்றார் இவர். வரமாட்டேன் என்று சொன்னேன். அப்புறம் யோசித்தேன். நான் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு நிமிஷமும் செத்துக்கொண்டிருப்பதற்கு, பக்கத்திலேயே இருந்துவிடலாம். எனக்கு நீச்சல் தெரியாது. அவர் விழுந்தால் நானும் விழுந்துவிடுவது, அவ்வளவுதான் என் திட்டம்.

அந்த வாரம் ஸ்ட்ராத்ஃபீல்டுக்குச் சாமான் வாங்கப் போனேன். வழக்கமாகப் போகும் கடையில் பூஜைச் சாமான் அலமாரிக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். கடைக்கார அன்ரி யாழ்ப்பாணத்துக்காரர், எழுந்து வந்தார்.

"காருக்கு வைக்கிறதுக்கோ பிள்ளை?"

"ஆமா, அன்ரி" என்று பொய் சொன்னேன்.

"அப்ப இந்தப் பிள்ளையாரைக் கொண்டு போங்கோ. அடியிலை நல்ல காந்தம் கிடக்கு. எந்தப் பள்ளத்திலை விழுந்து எழும்பினாலும் ஆள் அசையமாட்டார்."

கட்டைவிரல் உயரம்தான் இருந்தார். கையில் எடுத்ததும் என் வளையலில் மாட்டியிருந்த ஊக்கை 'டக்' என்று இழுத்துக்கொண்டார். நல்ல சக்தி என்று சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஏனென்றால், திசைகாட்டியைப் பற்றி என் கணவர் எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஒரு மாதத்துக்கு முன்னால், ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது. படகில் இருக்கிற ஒவ்வோர் இரும்பும் திசைகாட்டியைக் கொஞ்சம் ஏமாற்றுமாம். அதனால் ஒரு நிபுணர் வந்து, படகை வட்டமாகச் சுற்றவிட்டு, எந்தப் பக்கம் திரும்பினால் எவ்வளவு தப்பு வருகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பாராம். அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு வீல் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். "அதுக்கப்புறம் பக்கத்துல ஒரு ஸ்க்ரூ டிரைவரைக்கூட வைக்கக் கூடாது" என்றார். நான் "ம்" என்றேன். இன்னொரு கரண்டி ரசம் வேண்டுமா என்று கேட்டேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

அன்று காலை வானம் வெளுத்துக் கிடந்தது. படகில் நாங்கள் ஐந்து பேர்: ஸ்கிப்பர், இஞ்சினைப் பார்த்துக்கொள்ள என் கணவர், குழுவிலிருந்து இரண்டு ஆண்கள், நான். ஸ்கிப்பர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். திசைகாட்டியின் முன்னால் நின்று, கரையில் இருந்த ஒரு கோபுரத்தைப் பார்த்து, தாளைப் பார்த்து, தலையை அசைத்துக்கொண்டார். பிறகு எல்லோரும் கயிறு அவிழ்க்கப் போனார்கள். வீல் இருக்கிற அறையில் நான் மட்டும் இருந்தேன்.

பிள்ளையாரை எடுத்தேன். எங்கே வைப்பது? சுற்றிலும் மரம், பித்தளை, மரம், பித்தளை. எங்கே வைத்தாலும் ஒட்டமாட்டேன் என்றார். வெளியே "சீக்கிரம்" என்று ஏதோ குரல் கேட்டது. தடவிக்கொண்டே போன கை, திசைகாட்டி இருந்த பலகைக்கு அடியில் ஓர் இரும்புப் பட்டையில் பட்டது. போர்க்காலத்தில் கடற்படைக்காரர்கள் துப்பாக்கிகளைச் சாய்த்து வைக்க அடித்தது அது. நிபுணர் அதையும் கணக்கில் எடுத்துத்தான் தாளை எழுதியிருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது. பிள்ளையார் 'டக்' என்று போய் உட்கார்ந்தார். மேலே ஒரு சாண் தள்ளித் திசைகாட்டி. யார் கண்ணுக்கும் தெரியாத நல்ல இடம். இவரைக் காப்பாத்து, வேற எதுவும் கேட்க மாட்டேன் என்று கும்பிட்டேன்.

போகும்போது எல்லாம் நன்றாகத் தெரிந்தது. பாலம், கரையோர வீடுகள், நிற்கிற பாய்மரப் படகுகள். யாருக்கும் திசைகாட்டியைப் பார்க்கத் தேவையே இல்லை. துறைமுக வாய்க்குக் கொஞ்சம் முன்னால் நின்று, தொப்பியைக் கழற்றி, மலர்வளையத்தைத் தண்ணீரில் விட்டார்கள். எனக்குக்கூடக் கண் கலங்கியது. அது வேறு யாருடைய துக்கமோ. ஆனால் தண்ணீரில் போனவர்களின் துக்கம்.

அப்போதுதான் ஆற்றுப் பக்கமிருந்து மூடுபனி வந்தது. முதலில் பாலம் போயிற்று. பிறகு வீடுகள். பத்து நிமிஷத்தில் எங்கள் படகின் முன்னால் இருந்த மரத்துப்பாக்கியே பாதி தெரியவில்லை. எங்கேயோ ஃபெர்ரிகள் ஊதின. எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணுமில்ல" என்றார் ஸ்கிப்பர். "மெதுவா மேற்கே போவோம். கால்மணி நேரத்துல ஒரு வளைவு வரும். உள்ளே போய் நங்கூரம் போட்டுட்டு டீ குடிப்போம்."

படகு ஊர்ந்தது. அவர் கண் திசைகாட்டியை விட்டு நகரவில்லை. "இன்னிக்கு இது கொஞ்சம் சோம்பலா இருக்கு" என்று ஒருதரம் முணுமுணுத்து, விரலால் கண்ணாடியைத் தட்டினார்.

என் கணவர் கையில் போனோடு வந்தார். "ஸ்கிப்பர், மேப்புல நாம கிழக்கே போற மாதிரி காட்டுதே."

"அது போன வாரம் நம்மளைக் கொண்டுபோய் மிருகக்காட்சி சாலைக்குள்ள நிறுத்திச்சு" என்றார் ஸ்கிப்பர். "இதைப் போன மாசம்தான் சரிபார்த்தோம். எதை நம்பச் சொல்றே?"

என் கணவர் திசைகாட்டியை எட்டிப் பார்த்தார். அது மேற்கு என்றது. அவர் போனை அணைத்துவிட்டு மறுபடியும் போட்டார். நானும் திசைகாட்டியைத்தான் நம்பினேன். அதன் அடியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்ற தைரியம் எனக்கு.

கொஞ்ச நேரத்தில் தரை ஏறியது. அப்படித்தான் சொல்ல வேண்டும். துறைமுகத்துக்குள் தண்ணீர் தட்டுத் தட்டென்று அடிக்கும், அவ்வளவுதான். இது அப்படி இல்லை. படகு மொத்தமும் நிதானமாக மேலே போய், ஒரு கணம் நின்று, கீழே இறங்கியது. மறுபடியும் மேலே போயிற்று. கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, என் வயிற்றுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்கிப்பரின் முகத்தைப் பார்த்தேன். அதில் ரத்தமே இல்லை. அந்த மாதிரி அலை வெளிக்கடலிலிருந்து மட்டும்தான் வரும். நாங்கள் உள்ளே போகவில்லை, வெளியே போய்க்கொண்டிருந்தோம்.

"முன்னால போய்ப் பாரு!" என்று அவர் கத்தியதும் என் கணவர் ஓடினார். நான் "போகாதீங்க" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஏனென்றால் அப்போது அந்த இரைச்சல் ஆரம்பித்திருந்தது. பாறையில் அலை மோதி உடைகிற இரைச்சல். எங்கே என்று தெரியவில்லை. எல்லாப் பக்கமும் கேட்டது. பிறகு முன்னால் பனி கறுத்தது. கறுத்தது பாறை. நாலைந்து வீடு தள்ளி, அவ்வளவு கிட்டத்தில்.

ஸ்கிப்பர் இஞ்சினைப் பின்னோக்கிப் போட்டார். படகு நடுங்கியது. திரும்பி வந்த அலை ஒன்று முன்பக்கத்தை முழுசாக மூடிக்கொண்டு போயிற்று. என் கணவர் அங்கே நின்றிருந்தார். அலை இறங்கியபோது இல்லை.

ஜாதகத்தின் அந்த வரி, அப்பாவின் கட்டைக் குரலில், என் காதுக்குள் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. அவர் விழுந்தால் நானும் விழுவேன் என்று திட்டம் போட்டவள், பெஞ்சைப் பிடித்த கையை விடவில்லை. அதை இங்கே எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. பயம் என்னை ஆணி அடித்து உட்கார வைத்துவிட்டது.

பிறகு ஒரு கை தெரிந்தது. மரத்துப்பாக்கியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, கால்கள் படகுக்கு வெளியே தொங்க, அவர் இருந்தார். மற்ற இரண்டு பேரும் தவழ்ந்து போய் இழுத்துப் போட்டார்கள். எத்தனையோ பேரைக் கொல்ல வைத்த துப்பாக்கியின் பொம்மை அன்றைக்கு ஒரு ஆளைக் காப்பாற்றியது. நான் அதைக் கொலைகாரப் படகு என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன்!

ஸ்கிப்பர் தன் தொப்பியைக் கழற்றித் திசைகாட்டியின் மேல் கவிழ்த்தார். அதை அதற்குப்பின் பார்க்கவே இல்லை. அலையைப் படகின் முதுகில் வாங்கிக்கொண்டு, அது எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கமே போனார். தரை ஏறுவது குறைந்தது, பிறகு நின்றது. நங்கூரம் போட்டோம். பனி விலகும் வரை காத்திருந்தோம். என் கணவருக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. நான் வீல் இருந்த அறையில் அவர் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொட்டகைக்கு வந்து கயிறு கட்டியபோது, குழுவிலிருந்து வந்த இரண்டு பேரில் ஒருவர் கேட்டார். "திசைகாட்டி பக்கத்துல யாராவது இரும்பு ஏதாவது வச்சீங்களா?"

அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. ரசக் கரண்டியோடு சேர்த்து எல்லாம் ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தேன். ஸ்கிப்பர் முந்திக்கொண்டார்: "நான்தான் காலைல பாத்தேனே. ஒண்ணும் இல்ல."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

எல்லோரும் இறங்கிய பிறகு, கைப்பையை மறந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பி உள்ளே போனேன். பலகைக்கு அடியில் கையை விட்டேன். இரும்புப் பட்டை இருந்தது. பிள்ளையார் இல்லை. மண்டியிட்டுத் தரையெல்லாம் தடவினேன். இல்லை. யாரோ எடுத்துவிட்டார்கள். யாரோ ஒருவருக்கு எல்லாம் தெரியும்.

மறுநாள் நிபுணர் வந்து திசைகாட்டியைப் பார்த்தார். இம்மி பிசகாமல் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியானால் தப்பு யாருடையது? ஸ்கிப்பரே எழுதிக் கொடுத்துவிட்டார்: நான் கிழக்கை மேற்காகப் பார்த்திருக்கிறேன். வீலை விட்டு இறங்கிக்கொள்கிறேன்.

மூன்று வாரம் ஓடியது. ஒவ்வொரு முறை போன் அடித்தபோதும், பிள்ளையாரை எடுத்தவர்தானோ என்று தயங்கித்தான் எடுத்தேன். வீட்டில் இவர் பேசுவதையே குறைத்துவிட்டார். சனிக்கிழமை கொட்டகைக்குப் போகவில்லை. பயந்து போயிருக்கிறார் என்று நினைத்தேன். கேட்டால் நான் எங்கே உளறிவிடுவேனோ என்று கேட்கவில்லை. ஒருநாள் அவரே தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஸ்கிப்பருக்கு மறதி நோயான்னு டெஸ்ட் பண்றாங்களாம். பொண்ணு வந்து காரை எடுத்துட்டுப் போயிட்டாளாம்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னை என்ன செய்துவிடுவார்கள் என்று இப்போது யோசித்தால் ஒன்றும் தோன்றவில்லை. பைத்தியக்கார இந்தியப் பொம்பளை, பொம்மையைக் கொண்டுவந்து படகைக் கவிழ்க்கப் பார்த்தாள் என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து ஒரு மனிதனைப் பைத்தியமாக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் எங்கள் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, இரண்டு ரத்தக் குழாய்களுக்கு லேபிளை மாற்றி ஒட்டிவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் அவளே கண்டுபிடித்து, என்னிடம் வந்து நின்றாள். நான் இருபது வருஷமாக எல்லோரிடமும் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு: தப்புப் பண்ணினவங்களை நான் மன்னிச்சுடுவேன், மறைச்சவங்களை மன்னிக்க மாட்டேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. தப்பைப் பதிவு செய்கிற படிவத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

மத்தியானமே லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். இவர் கடைக்குப் போயிருந்தார். தலைவலி மாத்திரை தேடி அவருடைய டூல்ஸ் பையைத் திறந்தேன். அவர் மாத்திரைகளை அதில்தான் போட்டு வைப்பார். கைக்குட்டை ஒன்று ஸ்பேனரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இழுத்தாலும் வரவில்லை. பிரித்தேன். உள்ளே பிள்ளையார்.

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பால் கேனோடு உள்ளே வந்தவர் என் கையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"எப்ப எடுத்தீங்க?"

"நங்கூரம் போட்டிருந்தப்பவே. நீ கண்ணை மூடிட்டிருந்தே. போன் சொல்றதும் இது சொல்றதும் ஏன் இடிக்குதுன்னு அடியில கைய விட்டுப் பாத்தேன்."

"நிபுணர் வந்து பாக்கறப்ப சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்றது? என் பெண்டாட்டி வச்சான்னா?" குரல் உயர்ந்தது, உடனே இறங்கியது. "எனக்காக வச்சே. அது தெரியும். பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சுது. உன்னைக் காட்டிக் கொடுக்க மனசு வரல. நீயா ஒருநாள் சொல்லுவேன்னு பாத்துட்டிருந்தேன்."

"நீங்க சொல்லுவீங்கன்னு நான் பாத்துட்டிருந்தேன்னு வையுங்க" என்றேன். அது உண்மையும் இல்லை. யார் எடுத்தது என்றே எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கணத்தில் அவர்மேல் எனக்கு வந்த கோபம், என்மேல் வரவேண்டிய கோபம்தான். முப்பத்தேழு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், ஆளுக்கொரு பக்கம் வாயை மூடிக்கொண்டு, ஒரு கிழவரைக் குழியில் தள்ளியிருந்தோம்.

பாலை ஃப்ரிட்ஜில் வைக்கக்கூட இல்லை. கிளம்பிவிட்டோம்.

ஸ்கிப்பர் கதவைத் திறக்க நேரமாயிற்று. சட்டை தொளதொளவென்று இருந்தது. எங்களைப் பார்த்து, தாமே கூப்பிட்டுவிட்டு மறந்துபோய்விட்டோமோ என்ற சந்தேகம் அவர் முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன். "வரச் சொல்லியிருந்தேனா?" என்று தயங்கிக் கேட்டார்.

"இல்ல. நாங்களாத்தான் வந்தோம்" என்றேன் அவசரமாக.

சமையலறையில் உட்கார வைத்தார். அடுப்புக்கு மேலே 'அணைத்துவிட்டாயா?' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. மேஜையில் தாள்கள். ஒவ்வொரு தாளிலும் ஒரு கடிகாரம் வரைந்திருந்தது. வட்டம், பன்னிரண்டு எண்கள், இரண்டு முள். இருபது முப்பது கடிகாரம் இருக்கும். டாக்டர் அடுத்த வாரம் அவரைக் கடிகாரம் வரையச் சொல்வாராம். அதற்குப் பழகிக்கொண்டிருந்தார்.

பிள்ளையாரை அந்தத் தாள்களின் மேல் வைத்தேன். நான் வைத்தது, ஏன் வைத்தேன், எங்கே வைத்தேன், அடியில் என்ன இருக்கிறது, மூன்று வாரமாக ஏன் சொல்லவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். இவர் தன் பங்கைச் சொன்னார். ஸ்கிப்பர் கடைசியில், "மூணு வாரமா?" என்று மட்டும் கேட்டார். ஆமா என்றேன்.

எழுந்து போய் ஒரு கைத்திசைகாட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். முள் ஆடி நின்றது. பிள்ளையாரை எடுத்து மெல்லப் பக்கத்தில் நகர்த்தினார். முள் சுழன்று அவரைப் பார்த்துத் திரும்பியது. தள்ளி வைத்தார். முள் பழைய இடத்துக்கு வந்தது. பக்கத்தில் வைத்தார். திரும்பியது. தள்ளி வைத்தார். வந்தது. எத்தனை தடவை செய்தார் என்று எண்ணவில்லை. அவர் கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. என்னை மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு போனை எடுத்து, மகளின் எண்ணைப் போட்டு, என்னிடம் நீட்டினார்.

"நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா அவ நம்பமாட்டா."

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். "அப்பா? என்ன ஆச்சு? குளிக்கறப்ப விழுந்துட்டீங்களா?" என்று கத்தினாள். அந்தக் குரலை எனக்குத் தெரியும். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று துண்டைப் பற்றிக் கேட்கிற குரல் அது. அவளை நான் பார்த்ததே இல்லை. ஆனால் மூன்று வாரமாக என் பயத்தை அவள் தலையில் ஏற்றிவிட்டு நான் சோறு தின்றிருக்கிறேன்.

"உங்க அப்பாவுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றேன். இங்கிலீஷில் சொல்ல வேண்டும் என்பதுகூட மறந்து, முதலில் தமிழில்தான் வந்தது. மறுபடியும் இங்கிலீஷில் சொன்னேன். "அவர் சரியாத்தான் பாத்தார். தப்பு என்னுது."